பாதி வழியில் நின்ற ஸ்பூன்

உடம்பின் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்துபோகும் நோய் என் கணவருக்கு. முதலில் கைகள் போயின. குளிப்பாட்டிவிட, சட்டைப் பொத்தான் போட, மூக்கைச் சொறிந்துவிடக்கூட என்னை அனுமதித்தவர், சோறு ஊட்ட மட்டும் விடவில்லை. நாலு வாய் வாங்கிவிட்டு உதட்டை இறுக்கி மூடிக்கொள்வார். எனக்குக் கோபம் தலைக்கேறும். மாதாப்பூர் ஆபீஸுக்குப் போகாமல் மல்காஜ்கிரி வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் ஹெட்போன், எதிரில் லேப்டாப், கையில் ஸ்பூன். ஒரு வாயை அவர் விழுங்கி முடிப்பதற்குள் அடுத்ததை நீட்டிவிடுவேன்.

"அடுத்த வாய் எப்பன்னு நான்தான் சொல்லணும்," என்றார். "நீ ஊட்டல, அடைக்கிற. நக்கோ."

நான் திருச்சியிலிருந்து வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவள். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருப்பது. அவர் வீட்டுத் தமிழில் நக்கோ என்று வந்துவிட்டால் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதற்கு மேல் பேச்சே கிடையாது. "அப்ப நீங்களே சாப்பிட்டுக்கோங்க," என்று ஒரு நாள் எரிச்சலில் சொல்லிவிட்டேன். "ஹவ்," என்று ஆமாம் போட்டார். "அதுக்குத்தான் வழி யோசிச்சுட்டிருக்கேன்."

அவர் யோசித்தது ஓர் இயந்திரக் கை. உள்ளங்கை அளவே உள்ள லினக்ஸ் கம்ப்யூட்டர் போர்டு ஒன்று, இரண்டு சின்ன மோட்டார்கள், அலுமினியப் பட்டைகள், நுனியில் எங்கள் வீட்டு எவர்சில்வர் ஸ்பூன். வலது காலில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் பலம் மிச்சமிருந்தது. அதற்கடியில் ஒரு காலிங்பெல் ஸ்விட்ச். அழுத்தினால் ஸ்பூன் தட்டில் இறங்கி, சோற்றை அள்ளி, வாய் உயரத்துக்கு வந்து நிற்க வேண்டும். மறுபடி அழுத்தும்வரை காத்திருக்க வேண்டும். மூளை அவருடையது, கைகள் என்னுடையவை. கோட்டி பஜார்ப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் சாமான்களை வாங்கி வந்து, அவர் சொல்லச் சொல்ல நான் திருகினேன். ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்கும் லட்சணத்தைப் பார் என்று கேலி வேறு.

கை எழுந்தது. வெறும் ஸ்பூனை அழகாகத் தூக்கியது. சோறு வைத்தால் பாதி வழியில் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் அந்தரத்தில் நிற்கும், பிறகு தானாகவே சமர்த்தாகத் தட்டுக்குத் திரும்பிவிடும். அவர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பார். அந்தக் காட்சியை என்னால் பார்க்க முடியாது.

"ஸ்பூன்ல சோறு இருக்கறது புரோகிராமுக்கு எப்படிங்க தெரியும்?" என்று நான் கேட்டேன். அவருக்கும் பதில் தெரியவில்லை.

தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நாங்கள் இருவரும் இத்தனை வருஷமும் பார்த்த வேலை அப்படிப்பட்டது. ஊரார் கம்ப்யூட்டர்கள் விழாமல் பார்த்துக்கொள்வது, விழுந்தால் வாடிக்கையாளர் கவனிக்கும் முன்பே எழுப்பி நிற்க வைப்பது. அந்தப் பழக்கத்தில், இந்தக் கைக்கு முதல் வேலையாக நாங்கள் செய்தது என்ன தெரியுமா? எதனால் நின்றாலும் யாரும் தொடாமல் தானே மறுபடி தொடங்க வேண்டும், தொடங்கியதும் ஸ்பூனைப் பத்திரமாகத் தட்டுக்கு இறக்க வேண்டும் என்று எழுதி வைத்தோம். தொடங்கும்போதெல்லாம், என்ன நடந்தது என்று கம்ப்யூட்டர் குறித்துவைக்கும் பழைய பதிவுகள் அழிந்து புதிதாக ஆரம்பிக்கும்படியும் செய்தோம். பதிவுகளைத் திறந்தால் ஒரு பிழை இருக்காது. எங்கள் கெட்டிக்காரத்தனத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

அதனால் தப்பைப் புரோகிராமிலேயே தேடினோம். நான் வரிவரியாகப் படித்துக் காட்டுவேன், அவர் கண்ணை மூடிக் கேட்பார். வேகத்தைக் குறைத்தோம், கூட்டினோம், முழுவதையும் அழித்துத் திரும்ப எழுதினோம். நோய் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. சோறு குழைந்த சோறாயிற்று, பிறகு கஞ்சியாயிற்று. ஒரு மடக்குத் தண்ணீருக்கே இருமல் வந்து முகம் நீலம் பாரித்தது. நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இனி வாய் வழியாக எதுவுமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைத்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கையைக் கழற்றிப் பரணில் போட்டேன். மறுநாளே அவர் அதை இறக்கச் சொன்னார். அப்போது அவர் பேச்சு குழறிப்போய், எனக்கு மட்டுமே புரியும் நிலையில் இருந்தது.

"இப்ப இது யாருக்குங்க?" என்றேன்.

"பிரச்சினை இன்னும் ஓப்பன்ல இருக்கே. அப்படியே எப்படி விடறது?"

கத்தினேன். இது என்ன ஆபீஸா என்று கேட்டேன். சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, அதை இறக்கி மேஜையில் பொருத்தினேன். வேறென்ன செய்ய?

கழுத்தும் நிற்காமல் தலை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதால், அவர் கண்ணுக்கு நேரே இப்போது ஸ்பூன் இல்லை, மேஜையோரம் கிடந்த போர்டுதான் இருந்தது. கொஞ்சம் தயிர் சாதம் வைத்து ஸ்விட்சை நானே அழுத்தினேன். ஸ்பூன் எழுந்தது, வழக்கம்போல் நின்றது.

"லைட்டு," என்றார்.

போர்டில் ஒரு பொட்டளவு சிவப்பு விளக்கு உண்டு. மறுபடி அழுத்தி, இந்த முறை நானும் அதையே பார்த்தேன். ஸ்பூன் சோற்றோடு எழும்பும் கணத்தில் அது அணைந்தது, உடனே எரிந்தது.

"புரோகிராம்ல ஒண்ணுமில்ல," என்றார் மெல்ல. "இது செத்துச் செத்துப் பொழைக்குது."

பாரம் ஏறியதும் மோட்டார்கள் கரண்ட்டை உறிஞ்சிக்கொண்டன. போர்டுக்கு எதுவும் மிஞ்சாமல் அது ஒரு கணம் அணைந்துபோனது. பிறகு நாங்கள் சொல்லிக் கொடுத்தபடியே தானாக எழுந்து, எதுவும் நடக்காத மாதிரி ஸ்பூனைத் தட்டுக்கு இறக்கியது. மோட்டார்களுக்குத் தனி அடாப்டர் போட்டேன். இயந்திரக் கை தாறுமாறாக உதறியது. "ரெண்டு அடாப்டரோட நெகட்டிவ் ஒயரையும் சேர்த்துக் கட்டு," என்றார். ஒரு துண்டு ஒயரால் கட்டினேன். ஸ்பூன் சோற்றோடு எழுந்து, ஒரு பருக்கை சிந்தாமல், வாய் உயரத்தில் வந்து நின்றது.

ஒரு அடாப்டர், ஒரு துண்டு ஒயர், அவ்வளவுதான். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. விழுந்ததை விழுந்தபடி கிடக்க விட்டிருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்போம். அவர் எத்தனையோ வேளை, தன் பசிக்குத் தன் இஷ்டம்போலச் சாப்பிட்டிருப்பார். இன்றும் எனக்கு ஆறவில்லை.

"நீ சாப்பிட்டியா?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"தட்டு நிறையப் போட்டுட்டு வா. ஸ்பூனுக்கு நேரா உக்காரு."

எனக்குப் புரிந்தது. வேண்டாங்க என்றேன். அவர், இன்னும் கொஞ்சம் அசைந்த வலது காலை ஸ்விட்சின் மேல் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். தயிர் சாதத்தைப் போட்டுக்கொண்டு வந்து, ஸ்பூனுக்கு எதிரே முதுகைக் குறுக்கி உட்கார்ந்தேன். அவர் அழுத்தினார். ஸ்பூன் வந்தது. வாங்கிக்கொண்டேன். நான் மென்று முடித்து, தொண்டையில் இறங்கிய பிறகுதான் அடுத்த முறை அழுத்தினார். மூன்றாவது வாயிலோ நான்காவதிலோ எனக்கு அழுகை வெடித்துவிட்டது. வாயில் சோற்றை வைத்துக்கொண்டு தேம்பினேன். அவர் காலை அசைக்கவில்லை.

"மெதுவா," என்றார். "ஒண்ணும் அவசரமில்ல."

நான் ஓயும்வரை காத்திருந்தார். பிறகு அழுத்தினார். தட்டு காலியாகும்வரை அப்படியேதான். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் எனக்கு ஊட்டியது அந்த ஒரு வேளைதான்.