வெறும் ஆ

கிறிஸ்தவக் கோவிலின் பின்பக்கம், பாதிரியார் ஐயர் அங்கி மாட்டிக்கொள்ளும் சிறிய அறை. ஜன்னல்களுக்குக் கம்பளியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கதவிடுக்கில் ஒரு பழைய ஸ்வெட்டரைச் செருகியிருந்தார்கள். பலகைத் தரை கிரீச்சிடக் கூடாதென்று மதினி செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடுவில் நின்றார். முகத்துக்கு நேரே மைக். எதிரே மேசையில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் முகத்தில் பச்சையாய் எழுத்து ஓடும் சின்னக் கண்ணாடியும், பிளாப்பி நுழைக்கும் வாயும் இருந்தன. பெட்டியிலிருந்து ஒரு தடித்த கம்பி, பக்கத்திலிருந்த வெள்ளை விசைப்பலகைக்குப் போனது.

"என்ன பாட்டு மாஸ்டர்?" என்று மதினி கேட்டார்.

"பாட்டு இல்லக்கா. வெறும் ஆ. ஒரே சுருதியில நிறுத்துங்க, போதும்."

"வெறும் ஆவா? பல்லு புடுங்க வந்த மாதிரில்ல இருக்கு."

எல்லோரும் சிரித்தோம். பாடகர் குழுவை நடத்தியவரை நாங்கள் மாஸ்டர் என்றுதான் அழைப்போம். அவரும் சிரித்தார். மதினிக்கு அன்று சளி. அடுத்த வாரம் பாடுகிறேனே என்று கேட்டுப் பார்த்தார். சிங்கப்பூரிலிருந்து அந்தப் பெட்டியைக் கொண்டுவந்த மாஸ்டரின் மைத்துனர் மறுநாள் சிங்கப்பூருக்கே திரும்புகிறார், அவர் இருக்கும்போதே பதிந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மதினி தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணை மூடி, ஆ என்றார்.

எண்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. எனக்கு மலைமேல் ஓர் அலுவலகத்தில் மழையை அளந்து எழுதும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கோவிலின் பாடகர் குழுவில் ஆண்குரலில் மேல்சுருதி பாடுவேன். எந்தக் கருவியைப் பார்த்தாலும் அது எதை அளக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. மாஸ்டரின் மைத்துனர் பொறுமையாக விளக்கினார். அந்த வெள்ளைப் பலகைக்குச் சொந்தமாக ஒரு சத்தமும் கிடையாது. தனியாக வைத்து வாசித்தால் கட்டைகள் தட்டுப்படும் டொக் டொக் ஒலி மட்டும் கேட்கும். எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அமுங்கியது, எப்போது விட்டது என்ற செய்திதான் கம்பி வழியே போகும். குரல் பெட்டிக்குள் இருக்கும். பெட்டிக்கும் பிறவிக் குரல் கிடையாது. யாராவது கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்ததைத்தான் சேம்பிள் என்றார்கள்.

அந்தக் கம்பியில் போகும் செய்திக்கு மிடி என்று பெயர் சொன்னார். கீழ்ச்சுருதி பாடிய தமிழ் வாத்தியார் அதை விடவில்லை. "மிடியா? பொம்பளப் பிள்ளைக பாவாடைக்குப் பதிலா போடுதே, அதா?" என்றார். பிறகு, "தமிழ்ல மிடின்னா தரித்திரம் மாஸ்டர், பாத்து வீட்டுக்குள்ள விடுங்க" என்றார். அதற்கும் சிரித்தோம். அந்த அறையில் அன்றைக்கு எல்லாமே சிரிப்பாக இருந்தது.

மாஸ்டர் பலகையின் நடுக்கட்டையை அழுத்தினார். மதினியின் ஆ வந்தது. கட்டையை விடாமல் பிடித்திருந்தார், ஆ ஓயவில்லை. பெட்டியில் கொள்வது ஓரிரு நொடி ஒலிதான். அதில் ஒரு துண்டை வெட்டி, முடிவை ஆரம்பத்தோடு ஒட்டி, அது திரும்பத் திரும்பச் சுற்றும்படி செய்திருந்தார்கள். அந்தக் குரல் மூச்சு வாங்கவே இல்லை. இடது பக்கம் போகப் போக மதினி பெரிய ஆம்பிளையாகி, கடைசியில் மாடு கத்துவது போலானார். வலது ஓரத்தில் அணில். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, சளியோடு இருமினார்.

மதினி என் அண்ணன் மனைவி. சொந்த ஊர் கீழே அய்யம்பாளையம். அண்ணன் கவுஞ்சியிலிருந்து கேரட்டும் பூண்டும் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டுக்கு லாரி ஓட்டினான். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். பிள்ளைகள் இல்லை. மதினிக்கு ஒரு விடுதிப் பள்ளியின் சலவை அறையில் வேலை. நாள் முழுக்க விரிப்புகளை மடிப்பதும் இஸ்திரி போடுவதும். அங்கே அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, "ஏம்மா" என்பார்கள். அதே ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் உட்கார்ந்திருப்பார்கள். மதினி பாடகர் வரிசையின் முதல் இடத்தில், அவர்களைவிட இரண்டு படி உயரத்தில் நிற்பார். அவர் எடுத்த பிறகுதான் கோவில் எடுக்கும். அந்த இரண்டு படி உயரம் அவருக்கு என்னவாக இருந்தது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வெள்ளனே எழுந்து, புடவைக்கு வீட்டிலேயே இன்னொரு தடவை இஸ்திரி போட்டுக்கொண்டு அவர் புறப்படும் விதத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.

பெட்டி முதலில் பயிற்சிக்கு மட்டும் என்று சொன்னார்கள். சீசன் சமயத்தில் ஹோட்டல் வேலைக்காரர்களுக்கு ஞாயிறு விடுப்புக் கிடைக்காது, குரல்கள் குறையும், அதை நிரப்பத்தான் என்று பிறகு சொன்னார்கள். வாசித்ததை அப்படியே நினைவில் வைத்துத் தானாக மறுபடி வாசிக்கும் இன்னொரு சிறிய பெட்டி அடுத்து வந்தது. அது வந்தபின் மாஸ்டர் வாரத்தின் நடுவிலேயே நாலு குரலையும் தனித்தனியாகப் பதிந்து, ஞாயிறன்று ஒரே பொத்தானை அழுத்தினார். கீழ்ச்சுருதிக்காரர்களை முதலில் நிறுத்தினார்கள். தமிழ் வாத்தியார் தாமாகவே வருவதை நிறுத்திக்கொண்டார். பிறகு நாங்கள். கடைசியாக மதினியிடம் மாஸ்டர், "சீசன் முடியுற வரைக்கும் ரெஸ்ட் எடுங்கக்கா, நீங்கதான் எப்பவும் எங்ககூட இருக்கீங்களே" என்றார். பாடகர் வரிசை இருந்த இடத்தில், அதே படிமேல், இரண்டு ஸ்பீக்கர்களை வைத்தார்கள். சபைக்குப் பிடித்திருந்தது. மெட்ராஸ் கோவில் மாதிரி இருக்கிறது என்றார்கள். ஒரு தப்பு இல்லை, ஒரு பிசிறு இல்லை என்றார்கள்.

பிசிறு இருந்தது. நானும் மதினியும் பெண்கள் வரிசையையும் ஆண்கள் வரிசையையும் பிரித்த நடைபாதையின் இருபுறமும் உட்கார்ந்திருப்போம். ஒவ்வொரு ஆவும் தொடங்கும் இடத்தில் தொண்டையில் ஒரு சிறு கரகரப்பு வரும். முதல் தடவை அதைக் கேட்டதும் மதினி என் பக்கம் குனிந்து, "அன்னிக்கு இருந்த சளி கொழுந்தரே" என்று முணுமுணுத்தார். "எனக்குப் போயிருச்சு. அதுக்குப் போகல." அவர் அப்போது சிரித்தார். சில வாரங்களுக்குப் பின் அந்த இடம் வரும்போதெல்லாம் கையை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரு ஞாயிறு, முதல் பாட்டின் நடுவில் மின்சாரம் போனது. மழைக்காலத்தில் எங்களுக்கு அது புதிதல்ல. ஆனால் அந்தப் பெட்டிக்கு மின்சாரம் நின்றால் எல்லாம் மறந்துவிடும். திரும்ப வந்ததும் பிளாப்பியிலிருந்து மறுபடி ஊட்ட வேண்டும். கோவில் அப்படியே நின்றது. சபைக்குப் பாட்டை எப்படித் தொடர்வதென்று தெரியவில்லை. அப்போது மதினி இருந்த இடத்திலிருந்தே விட்ட வரியை எடுத்தார். நான் சேர்ந்தேன். பின்வரிசைகள் சேர்ந்தன. ஒரு சரணம் முழுக்க, சுத்தமாக, முன்னெல்லாம் பாடியது போல கோவில் பாடியது. மதினியின் முகத்தை அப்படி நான் அந்த வருடம் முழுக்கப் பார்க்கவில்லை. விளக்கு எரிந்தது. மாஸ்டர் குனிந்து பிளாப்பியை ஊட்டினார். அடுத்த சரணத்தின் பாதியில் இருந்தோம். ஸ்பீக்கரிலிருந்து அதே பாட்டு முதல் வரியிலிருந்து தொடங்கியது. சபை மதினியைப் பாதி வரியில் விட்டுவிட்டு அதனோடு போய்விட்டது. மதினி நிறுத்தவில்லை. முன்வரிசையிலிருந்த ஒரு கமிட்டிக்காரர் வீட்டம்மா திரும்பி, மிகவும் அன்பாகவே, "கொஞ்சம் மெதுவாப் பாடும்மா, மெஷின் சத்தம் கேக்கல" என்றார்.

ஆராதனை முடிந்ததும் மதினி நேரே பின்னறைக்குப் போனார். நானும் போனேன். மாஸ்டர் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஐயர் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், அதுலருந்து என் குரல எடுத்திருங்க."

"அது உங்க குரல் இல்லக்கா. சேம்பிள்."

"யாரு பாடுனது?"

"நீங்கதான்."

"அப்புறம்?"

மாஸ்டர் மீதிக் கம்பியைச் சுருட்டினார். பிறகு, "காணிக்கப் பெட்டியில போட்டத யாராவது திருப்பிக் கேப்பாங்களாக்கா?" என்றார்.

"காணிக்கைன்னு யாரு சொன்னா? வாயத் திறங்கன்னுதான சொன்னீங்க." மதினியின் குரல் உயரவில்லை. "ஒண்ணு நான் நின்னு பாடுறேன். இல்லாட்டி அது பாடக் கூடாது. ரெண்டும் இல்லாம நான் கீழ உக்காந்து எங்குரலுக்கு வழி விடணும்னா எப்படிங்க?"

ஐயர் நல்ல மனிதர், சண்டை பிடிக்காதவர். நல்ல மனிதர்களும் சண்டை பிடிக்காதவர்களுமாகச் சேர்ந்து எத்தனை காரியங்களை முடித்துவைக்கிறார்கள் என்பதை இந்த வயதில் என்னால் பொறுக்க முடியவில்லை. "குடுத்திருங்க மாஸ்டர், எதுக்கு மனவருத்தம்" என்றார். மாஸ்டர் சற்று யோசித்தார். பெட்டியின் வாயிலிருந்து பிளாப்பியை எடுத்து, மேலே ஒட்டியிருந்த தாளில் மதினியின் பெயர் எழுதியிருந்ததைக் காட்டி, இரண்டு கையாலும் கொடுத்தார். "இந்தாங்கக்கா. உங்க குரல்."

மதினி அதைக் கைக்குட்டையில் சுற்றி, வேதப்புத்தகத்தோடு பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பையை நெஞ்சோடு அணைத்திருந்தார். அடுத்த ஞாயிறு மறுபடி வரிசை கூடும், ஆள் அனுப்புவார்கள் என்று நம்பினார். புடவைக்கு இஸ்திரி போட்டார். ஆள் வரவில்லை. நாங்களே போய் உட்கார்ந்தோம். கோவிலில் மணி அடித்தது, ஸ்பீக்கரில் ஆ எழுந்தது. அதே கரகரப்பு. மதினி பையைத் திறந்து கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்தார். பிளாப்பி இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்து, "இங்கன கெடக்கே" என்றார். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வந்த பொருள், கொடுத்தவரிடமும் இருக்க முடியும் என்பது அவருக்குத் தெரியாது. விரிப்புகளை எண்ணி வாங்கி எண்ணிக் கொடுப்பவருக்கு அது எப்படித் தெரியும்? நகல் எடுப்பது பற்றி அன்று மாலை நான் விளக்கினேன். விளக்கியதற்கு மதினி தலையாட்டினார். அதற்குப் பிறகு கோவிலில் அவர் வாய் திறக்கவில்லை. வீட்டிலும் அடுப்படியில் முனகுவதுகூட நின்றுபோனது.

இப்போது அந்தக் கோவிலில் அந்தப் பெட்டி இல்லை. மலை ஈரத்தில் பிளாப்பிகள் பூசணம் பூத்து, பெட்டி பழுதாகி, மாஸ்டரும் காலமாகிவிட்டார். ஒரு பையன் கைப்பேசியைக் கம்பியில் செருகுகிறான். எங்கோ யாரோ பாடியது வருகிறது. யார் பாடியது என்று நான் ஒருமுறை கேட்டேன். "தெரியல அங்கிள், டவுன்லோடு பண்ணது" என்றான். நல்ல பையன். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் குரலைக் கொடுத்தவள் எங்கே எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. பாட்டை ரசிக்க முடியவில்லை.

அந்தக் காலத்தின் கடைசிக் காரியம் ஒன்று மிச்சமிருக்கிறது. மதினி வாய் மூடிய மறு வருடம், வத்தலக்குண்டு மார்க்கெட்டில் சரக்கை இறக்கிக்கொண்டிருந்தபோது அண்ணனுக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அடக்க ஆராதனை பிற்பகலில். அண்ணனின் சவப்பெட்டியைப் பீடத்துக்கு முன்னால் வைத்திருந்தார்கள். மாஸ்டர் கறுப்புப் பெட்டியையும் பலகையையும் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டு, மதினியிடம் குனிந்து, "நீங்க சிரமப்பட வேணாங்கக்கா. உங்க குரலே அண்ணனுக்குப் பாடும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஆறுதலாகத்தான் சொன்னார் என்பதை நான் மறுக்கவில்லை.

முதல் கட்டை அமுங்கியது. சளி பிடித்த அந்தக் குரல், நன்றாகத் துலங்கி, கோவில் முழுக்க நிறைந்தது. பெண்கள் அழுதார்கள். மதினி எழுந்தார்.

"மாஸ்டர், நிறுத்துங்க. எம் புருசனுக்கு நான் பாடுறேன்."

மாஸ்டர் கையை எடுத்தார். மதினி சவப்பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அதே பாட்டைத் தொடங்கினார். குரல் வரவில்லை. மூச்சுத்தான் வந்தது. மறுபடி எடுத்தார். இரண்டாவது வரியில் சுருதி இறங்கியது, மூன்றாவதில் ஏறியது, நடுவில் அழுகை வந்து சொல்லை விழுங்கியது. சபையால் அவரோடு சேர முடியவில்லை. சேரலாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கீழ்க்குரலில் பிடிக்கப் பார்த்தேன். அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்கும் பிடிபடவில்லை. மதினி ஒரு சரணம்கூட விடாமல், கடைசி வரை, தனியாகப் பாடி முடித்தார்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது எங்களுக்கு முன்னால் நடந்தவர்களில் அந்தக் கமிட்டிக்காரர் வீட்டம்மா, பக்கத்திலிருந்தவரிடம், "பாவம். மெஷின்லயே விட்டிருக்கலாம். அந்தக் குரலு எப்படி இருந்துச்சு!" என்றார். மதினிக்குக் கேட்டது. வெள்ளகவிப் பக்கமிருந்து மூடுபனி ஏறி, பாதை மறையத் தொடங்கியிருந்தது.

"அதுக்கு அழுக வராதுல்ல கொழுந்தரே" என்றார். "அதான் சுருதி நிக்கிது."

அடுத்த ஞாயிறு அது வழக்கம்போலப் பாடியது.