சுஹைரின் சக்களத்தி

தும்யாத் நகரத்தில் நாற்காலி செய்யாத வீடும் பொறாமைப்படாத பெண்ணும் இல்லை என்பார்கள். முதலாவது பாதிப் பொய். இரண்டாவதற்கு சுஹைர் ஒருத்தியே சாட்சிக்குப் போதும். அவளுக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். சிவப்பு நிறம், இரண்டு சக்கரம், முன்னால் ஒரு பெரிய வட்டக் கண்.

அவள் கணவன் ஷவ்கி கலியாணத்துக்கு முன்பே வாங்கிய பழைய ஜாவா மோட்டார் சைக்கிள் அது. "சித்துல் குல்" என்று பெயர் வைத்திருந்தான். எல்லாருக்கும் மேலான சீமாட்டி என்று அர்த்தம். பெண்டாட்டியைக் கொஞ்சும்போது ஆண்கள் சொல்கிற பேர். இருபத்திரண்டு வருஷத்தில் சுஹைரை அவன் அப்படிக் கூப்பிட்டது, மகள் பிறந்த அன்று ஒரு தடவை. மகளும் இப்போது கலியாணமாகி மன்சூராவுக்குப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று ஆனபிறகு சுஹைரின் காதில் அந்தப் பேர் இன்னும் உரக்கக் கேட்டது.

ஷவ்கி படகு செய்யும் தச்சன். ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கும் அஸ்பத் என்ற ஊரில் பட்டறை. காலையில் எழுந்ததும் தேநீர்க் கோப்பையோடு மாடிப்படி அடிக்கு இறங்கிவிடுவான். அங்கேதான் வண்டி நிற்கும். துடைப்பான், தட்டுவான், ஏதோ முணுமுணுப்பான். குளிர்காலத்தில் அதற்குப் போர்த்துவது எது தெரியுமா? சுஹைரின் சீதனத்தில் வந்த, மஹல்லா ஊரில் நெய்த கம்பளி. அவள் கேட்டதற்கு, "உனக்குத்தான் சூடான உடம்பாச்சே" என்றான். அன்று அவள் வயிறு எரிந்தது. அதன்மேல் உலை வைத்திருந்தால் மூன்று வேளைக்குச் சமைத்திருக்கலாம்.

அப்படி எரிந்துகொண்டிருந்த ஒரு காலையில், படியில் நின்று அந்த முன்விளக்கை முறைத்துப் பார்த்து மனசுக்குள் ஒன்று சொன்னாள்: "உன் கண்ணு அவிஞ்சு போக." அந்த வாரமே பட்டறையில் ஒரு பலகை சரிந்து விழுந்து விளக்குக் கண்ணாடி சிதறிப்போனது. ஷவ்கி வெறும் வளையத்தோடு வீட்டுக்கு வந்தான். செத்த வீட்டுக்குப் போய்வந்த முகம். சுஹைர் வாய்க்குள் சிரித்துக்கொண்டாள். அப்போது அவளுக்குப் பயம் ஒன்றுமில்லை.

புது விளக்கு வாங்க ஒரு வெள்ளிக்கிழமை கெய்ரோ வரைக்கும் போனான். ராஸ் அல்-பர்ரில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்கு இருவரும் போவதாகச் சொல்லியிருந்த வெள்ளிக்கிழமை. பிள்ளையைத் தூக்கி வருகிறவன்போல அட்டைப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினான். உள்ளே வெள்ளியாய் மின்னும் வளையம், தட்டு அகலத்துக்குக் கண்ணாடி, முகம் பார்க்கலாம். அவள் பார்த்தாள். அதில் தெரிந்த முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

மறுநாளே மாட்ட உட்கார்ந்தான். அவள் படியில் உட்கார்ந்து பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. வளையத்தின் அடியில் இருக்கும் ஒற்றைத் திருகாணியைக் கழற்றினான். விளக்கு முன்னால் சாய்ந்து வந்ததும், பின்னால் இருந்த கிண்ணத்துக்குள் குடல்போல வயர்கள். நாற்பது வருஷத் தூசியில் எல்லா வயருக்கும் ஒரே நிறம், மண் நிறம். பழைய பல்புக்கும் புது பல்புக்கும் முனை பொருந்தவில்லை. புதியதற்கு மூன்று கால். ஒன்று எர்த், ஒன்று தாழ்ந்த வெளிச்சத்துக்கு, ஒன்று உயர்ந்த வெளிச்சத்துக்கு. பழைய முனைகளை வெட்டி, பல்லால் ரப்பரைச் சீவி, செம்புக் கம்பியை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றினான். படகுக்கு ஆணி அடிக்கிறவன் கரண்டு வேலை செய்தால் எப்படி இருக்கும்? தாழ்ந்த வெளிச்சத்துக்கு ஸ்விட்சைத் தட்டினால் உயர்ந்தது எரிந்தது. எதிர்வீட்டு பால்கனியில் துணி காயப்போட்டவள் கூசிப்போய்க் கத்தினாள்.

"யோவ் ஷவ்கி, வெளக்க எறக்குய்யா. என் வீட்டுக்காரர் குளிச்சிட்டு வரார்."

இரண்டு வயரையும் மாற்றி முறுக்கினான். சுஹைர் மூன்று தடவை தேநீர் போட்டுக் கொடுத்தாள். கடைசியில் எல்லா வயரையும் கிண்ணத்துக்குள் அமுக்கித் திணித்து வளையத்தை மூடினான். விளக்கு எரிந்தது. வேடிக்கை பார்க்கப் படிக்கட்டில் கூடியிருந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் "மாஷா அல்லாஹ்" என்றார்கள். ஒரு நல்ல பொருளைப் பார்த்து அதைச் சொல்லாதவள் கண் வைக்கிறாள் என்பது ஊரறிந்தது. சுஹைர் சொல்லவில்லை. நாக்கு எழவில்லை. ஹஜ் போய்வந்த மாமியார் ஹாஜா நபவிய்யா அதைக் கவனித்துவிட்டாள். கீழ்வீட்டில் இருக்கும் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

நாலு நாள் போயிருக்கும். பட்டறையிலிருந்து திரும்பி வரும் வழியில் விளக்கு பொட்டென்று அணைந்தது. ஃபியூஸ் போயிருந்தது. மாற்றினான். மறுபடி அணைந்தது. பல்பையும் மாற்றினான், ஃபியூஸையும் மாற்றினான். மூன்றாம் முறையும் அணைந்தபோதுதான் சுஹைருக்குப் பயம் வந்தது.

அந்த ஆற்றோரச் சாலை அப்படிப்பட்டது. மரம் ஏற்றிய லாரிக்காரர்களில் பாதிப் பேர் விளக்குப் போடாமலே வருவார்கள். தேவைப்பட்டால் கண் சிமிட்டுவதுபோல ஒரு தட்டுத் தட்டுவார்கள். ஒருபக்கம் லாரி, ஒருபக்கம் தண்ணீர். அதே பட்டறையில் வேலை பார்த்த ஒருவன் போன வருஷம் அங்கேதான் போய்ச் சேர்ந்தான். விளக்கில்லாத வண்டியில், அந்தி மங்கிய பிறகு, அந்த வழியாகத்தான் ஷவ்கி தினமும் வரவேண்டும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. அந்தக் கண்ணடியை அடிப்பது தான்தான் என்று சுஹைர் நிச்சயமாக நம்பினாள். அவிந்து போக என்று சொன்னது அவள் வாய்தானே? அவள் அவித்துவிட நினைத்தது விளக்கை. அவிந்துவிடப் போவது புருஷன்.

பொறாமையை விட்டுவிடலாம் என்று பார்த்தாள். காலையில் அவன் மெல்லிய துணியால் அந்தக் கண்ணாடியைத் துடைப்பதைப் பார்த்ததும் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சளியா என்ன, காறித் துப்ப?

ஹாஜா நபவிய்யா சும்மா இருப்பாளா? கரிச்சட்டியில் படிகாரக் கட்டியைப் போட்டுப் படிக்கட்டிலேயே புகைத்தாள். படிகாரம் உருகிப் பொங்கி எந்த உருவம் எடுக்கிறதோ, அதுதான் கண் வைத்த ஆள். கூடவே காகிதத்தில் ஒரு பொம்மை வெட்டி ஊசியால் குத்திக்கொண்டே வந்தாள்.

"எதிர்வீட்டுக்காரி கண்ணுலருந்து. ரொட்டிக்கடைக்காரி கண்ணுலருந்து. வந்தவ கண்ணு, போனவ கண்ணு. வீட்டுக்குள்ள இருக்கறவ கண்ணுலருந்து."

கடைசிக்கு மட்டும் இரண்டு குத்து. படிகாரம் பொங்கி நின்றது. தலையில் முக்காடு போட்ட உருண்டை முகம்போல இருந்தது. தும்யாத்தில் எந்தப் பெண்ணுக்குத்தான் அது பொருந்தாது? ஆனால் அங்கே நின்றவர்கள் ஒருத்தரும் சுஹைரைப் பார்க்கவில்லை. எல்லாருமாகச் சேர்ந்து பார்க்காமல் இருந்த அந்த விதம்தான் அவளைக் கொன்றது.

"என்ன ஹாஜா, யாருன்னு தெரிஞ்சுதா?" என்று அவளே கேட்டாள்.

"தெரிஞ்சவளுக்குத் தெரியும்மா," என்றாள் மாமியார். "நான் என்னத்தச் சொல்ல. எம்புள்ள உசுரோட வந்தாப் போதும்."

ஷவ்கி படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அப்படியே திரும்பி மேலே போய்விட்டான். அதையும் சுஹைர் கணக்கில் வைத்துக்கொண்டாள்.

அன்றிரவு சோறு போடும்போது, "கொஞ்ச நாளைக்கு மைக்ரோபஸ்ல போயேன்" என்று சொல்லிப் பார்த்தாள்.

"அவள விட்டுட்டா?" என்றான் அவன்.

அவள்! சாதத்தை இன்னும் ஒரு கரண்டி வேகமாகத் தட்டில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. வெங்காயம் திணித்த வாத்தை அடுப்பில் ஏற்றினாள். ஷவ்கி குளித்து வெள்ளை கலாபிய்யா அங்கியைப் போட்டுக்கொண்டு தொழுகைக்குப் போனான். மாமியார் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். சுஹைர் அடுப்பைத் தணித்துவிட்டு, தக்காளி நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். யோசித்துத்தான் இறங்கினாள். தன் கண்ணை அவளால் கட்ட முடியவில்லை, வண்டியைக் கட்டலாம். அத்தனை வயரையும் பிடுங்கி எறிந்துவிட்டால் வண்டி கிளம்பவே கிளம்பாது, அவன் மைக்ரோபஸ்ஸில்தான் வந்தாக வேண்டும். திட்டுவான், திட்டட்டும். திட்டுவதற்கு ஆள் இருந்தால் போதும்.

வளையத்தின் அடியில் இருந்த திருகாணியில் கத்தி முனையை வைத்துத் திருகினாள். அவன் செய்ததைப் பார்த்துப் பார்த்து மனப்பாடமாகியிருந்தது. விளக்கு முன்னால் சாய்ந்து கையில் விழுந்தது. நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. கிண்ணத்துக்குள் கையை விட்டு வயர்களைக் கொத்தாகப் பற்றினாள். விரலில் ஏதோ சில்லென்று பட்டது.

வெளியே இழுத்தாள். பித்தளையில் ஒரு சின்னக் கை. ஐந்து விரல், நடுவில் நீலக் கல். கண்ணேறு படாமல் இருக்கக் குழந்தை சட்டையில் குத்துவார்களே, அது. பல்பு மாற்றும்போதும் கண்ணில் படாத ஆழத்தில், நூல்போட்டு வயர்க் கொத்தோடு கட்டியிருந்தது. மூன்று விரல்கள் கருகிக் கறுத்திருந்தன. அது உராய்ந்த இடத்தில் டேப் தேய்ந்து, செம்பு தெரிந்தது.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஷவ்கி வாசலில் நின்றான், தொழுகை விரிப்பு தோளில். ஒரு கையில் கத்தியும் ஒரு கையில் பித்தளைக் கையுமாக மனைவி. நடுவில் கழன்று கிடக்கும் அவன் சீமாட்டி.

"என்னடி பண்ற?"

"நீ என்ன பண்ணிருக்க, அதச் சொல்லு."

அவன் கிட்டே வந்து பார்த்தான். கருகிய விரலைப் பார்த்தான், தேய்ந்த டேப்பைப் பார்த்தான். வண்டி குலுங்கக் குலுங்கப் பித்தளை செம்பில் தட்டி, தட்டி, ஃபியூஸைத் தின்றிருக்கிறது. காவலுக்கு வைத்தது களவாடியிருக்கிறது. அவன் காது சிவந்தது.

"இதுதான் ஷார்ட்டு ஆயிருக்கு. நாந்தான் கழுத," என்றான்.

அப்படியானால் அது அவள் கண் இல்லை. சுஹைருக்கு அது உடனே புரிந்தது. மார்பில் இருந்த பாறை இறங்கியிருக்க வேண்டும். ஆனால் அதே இடத்தில் வேறொன்று ஏறி உட்கார்ந்தது.

"எப்ப வச்ச?"

"வெளக்கு மாட்டுன அன்னிக்கே. நீ டீ போட மேல போனப்ப."

"ஊர்ல எல்லாரும் வெளிய தொங்கவிடுவாங்க. நீ உள்ள ஒளிச்சு வச்சிருக்க. யாருக்குத் தெரியக்கூடாதுன்னு?"

"சொத்துக்கு மொதக் கண்ணு சொந்தக்காரன் கண்ணுதாம்பாங்க. என் கண்ணுக்குத்தான்னு வச்சுக்கயேன்."

"பொய் சொல்லாத, ஷவ்கி. தொழுதுட்டு வந்திருக்க."

அவன் விரிப்பைத் தோளிலிருந்து எடுத்துப் படிக் கைப்பிடியில் போட்டான். ரொம்ப நேரம் மடித்தான்.

"உன் கண்ணுக்குத்தான்," என்றான்.

அவள் எதிர்பார்த்த பதில்தான். ஆனாலும் கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது.

"இருவத்திரெண்டு வருஷத்துல என் கழுத்துல ஒரு நீலமணி கட்டிருப்பியா நீ? பிரசவத்துல செத்துப் பொழச்சேன், அப்பக்கூட கட்டல. உன் வண்டிக்கு என்கிட்டருந்து காவல். சொல்லு, எதுக்குப் பயந்த? அவ உடைஞ்சு போயிருவான்னா, நீ செத்துப் போயிருவன்னா?"

"ரெண்டுக்கும் இல்ல."

"அப்ப?"

"அந்த ரோட்டுல எனக்கு ஒண்ணு ஆச்சுன்னு வையி. அம்மா மொத வார்த்தையா உன் பேரத்தான் சொல்லுவா. ஜனாஸா தூக்க வந்தவங்க எல்லாம் அதையே சொல்லுவாங்க. அவங்க சொல்றதுகூடப் பரவால்ல. நீ நம்பிருவ. மிச்ச நாள் பூரா நாந்தான் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டு இந்த வீட்ல தனியா உக்காந்திருப்ப. அதுக்குத்தான் பயந்தேன்."

சுஹைர் கத்தியைப் படியில் வைத்தாள். பிறகு தானும் உட்கார்ந்தாள்.

"எப்பவோ நம்பிட்டேன், ஷவ்கி," என்றாள்.

மேலே வாத்து தீய்கிற வாசனை வந்தது. இருவரும் எழவில்லை. விளக்கு மூன்று வயரில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி இரும்பில் மோதி டிங் டிங் என்றது. வேறு எந்த நாளாக இருந்தாலும் ஷவ்கி பாய்ந்து போய்ப் பிடித்திருப்பான். அன்று அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.