தண்ணீர் விடுவதற்கு முன்

அன்று மயிலாப்பூர் சைட்டில் இருந்தவர்கள் சைட் இன்ஜினீயரான நான், மேஸ்திரி, கான்கிரீட் லாரி டிரைவர், பதினோரு கூலியாட்கள். மேனேஜர் இல்லை. தலைமை அலுவலகக் கூட்டத்துக்குப் போயிருந்தார். இரண்டு முறை அழைத்தும் போனை எடுக்கவில்லை.

பங்குனித் திருவிழாவுக்காக மாட வீதிகளை அடைத்திருந்தார்கள். கான்கிரீட் கலந்த இரண்டு மணி நேரத்துக்குள் வந்திருக்க வேண்டிய லாரி, மூன்றரை மணி நேரம் கழித்து வந்தது. உள்ளே இருந்த கான்கிரீட் இறுகத் தொடங்கியிருந்தது. தரைத்தளத்தில், கார் நிறுத்தும் இடத்தில், நான்கு தூண்கள் அதற்காகக் காத்திருந்தன.

"திருப்பி அனுப்பிடலாம் அண்ணே," என்றேன் மேஸ்திரியிடம்.

"படிச்சவன் படிச்ச மாரியே பேசுறான் பாரு. திருப்பி அனுப்பினா ஒங்க மேனேஜர் யாரைக் கேப்பாரு? என்னையா? இன்னா சார் பாத்துக்கினு நிக்கிற, மொதல்ல உன் க்யூப்ப எடு. அப்பால நாங்க தண்ணி வுட்டுக்கிறோம்."

க்யூப் என்பது அதே கான்கிரீட்டில் வார்க்கும் சிறு கட்டி. இருபத்தெட்டாம் நாள் ஆய்வகத்தில் அதை நசுக்கிப் பார்த்து, தூணின் பலத்தைத் தாளில் எழுதுவார்கள். நான் கட்டிகளை எடுத்து முடித்தேன். அதன் பிறகுதான் டிரைவர் ஹோஸைச் சொருகினான். டிரம்முக்குள் தண்ணீர் விழுந்த சத்தம் நெடுநேரம் கேட்டது. தண்ணீரில் இளகி, பலம் குறைந்த அந்தக் கான்கிரீட்தான் நான்கு தூண்களுக்குள்ளும் போனது.

கட்டிகள் பாஸ். பாஸாகாமல் எப்படி இருக்கும்? தண்ணீர் படாதவை அல்லவா அவை. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அந்தத் தாளிலும் அழகாகவே போட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு தூண் என்று எதைப் பார்த்தாலும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்கும் பழக்கம் வந்தது. மாம்பலம் ஸ்டேஷன் நெரிசலில், பின்னால் வருபவர்கள் திட்டத் திட்ட, நின்று தட்டியிருக்கிறேன். குளிக்கும்போது பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் குழாயை மூடிவிடுவேன்.

மயிலாப்பூர் அடுக்குமாடியில் வீடுகளை ஒப்படைத்து எட்டு மாதம் கழித்து, ஒரு குளியலறைக் கசிவைப் பார்க்க அங்கே அனுப்பினார்கள். மின்சாரம் இல்லை. முதல் மாடியில் குடியிருந்த பாட்டு டீச்சர் கீழே பாய் விரித்து வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். ஆறு பிள்ளைகள். அதில் ஒருத்தி என்னுடைய தூண்களில் ஒன்றில் சாய்ந்துகொண்டு தாளம் போட்டாள்.

"நீங்க கட்டினவாதானே? வாங்கோ. கரண்ட் போனா இங்கேதான் எங்களுக்குப் பள்ளிக்கூடம். நன்னாக் காத்து வர்றது," என்றார் டீச்சர்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காரச் சொல்லுங்க மேடம்."

"ஏன், பூச்சி ஏதாவது இருக்கா?"

"இல்ல," என்றேன். கசிவைப் பார்க்காமலே வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் மேனேஜரின் அறையில் நின்று, மயிலாப்பூர் தூண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றேன்.

"ரிப்போர்ட் பாஸ்தானேப்பா? இப்ப என்ன?"

"க்யூப் எடுத்ததுக்கு அப்புறம் தண்ணி விட்டோம் சார்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "எவ்ளோ நேரம்?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"உன் வேலை போகலாம், தெரியும்ல? இத எழுத்துல குடுப்பியா?"

எழுதிக் கொடுத்தேன். நான்கு தூண்களையும் துளைத்து மாதிரி எடுத்தார்கள். இரண்டு தேறின, இரண்டு தேறவில்லை. அந்த இரண்டையும் சுற்றிக் கம்பி கட்டி, மறுபடி கான்கிரீட் போர்த்த ஏழு வாரம் ஆயிற்று. கார்கள் தெருவில் நின்றன. பாட்டு வகுப்பு நின்றுபோனது. கடைசி நாள் டீச்சர் என்னிடம் வந்தார்.

"இப்போ உங்காத்து மனுஷாளை இங்கே குடிவைப்பியாப்பா?"

வைப்பேன் என்று சொல்லியிருக்க வேண்டும். தூணைத் தட்டிக் காட்டினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மாடியேறிப் போனார்.

வேலை போகவில்லை, அடையாறு சைட்டுக்கு மாற்றினார்கள். அன்று அந்த லாரியைத் திருப்பி அனுப்பியிருந்தால் நாற்பதாயிரத்துச் சொச்சம் நஷ்டம். கம்பெனிக்குக் கடைசியில் ஆன செலவு எட்டு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய்.