டிஃபரன்ஷியலுக்கு டிரிப்

இன்று காலை வீட்டு வாசலிலேயே எங்கள் எஸ்யூவிக்கு ஆயில் மாற்றினேன். சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டிகளான இரண்டு டிஃபரன்ஷியலிலும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் இருந்த பழைய ஆயில் கறுப்பாக இறங்கிவிட்டது. மாலை காணிப்பாக்கம் கோயிலுக்குப் போக வேண்டும்.

புது ஆயிலை ஊற்றத்தான் வழியில்லை. துளை வண்டிக்கு அடியில், பக்கவாட்டில் இருக்கிறது. கேனை எப்படிச் சாய்த்தாலும் என் சட்டையில்தான் வழிந்தது.

சித்தூரில் நர்ஸாக இருக்கும் என் மனைவி கௌரி குனிந்து பார்த்தாள்.

"கையில புட்ச்சிக்கினு ஊத்துனா எப்படிப் போவும்? எயிந்து வாங்க, டிரிப் ஏத்தலாம்."

கேன் வாயில் ஒரு டியூபைச் செருகி, வண்டியின் மேலே கேரியரில் தலைகீழாகக் கட்டினாள். மறுமுனையைத் துளைக்குள் விட்டேன். ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

"உள்ள காத்து போவ வழி வேணாமா?" என்று கேனின் அடியில் ஊசியால் குத்தினாள்.

தேன் போல இறங்கியது! துளை நிரம்பி வழிந்ததும் மூடினேன். மற்ற இரண்டுக்கும் அப்படியே ஏற்றினோம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வேடிக்கை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் என்னைத் தாண்டிப்போய் அவளிடம் கேட்டார்: "ஏம்மா, நம்ம ஜீப்ப எப்ப அட்மிட் பண்லாம்?"

ஆயிலில் குளித்தது நான், பேஷண்ட் வருவது அவளுக்கு. உங்கள் வீட்டில் எப்படி?