அவர் குடிக்கவில்லை என்று இரத்தம் சொன்னது

என் வீட்டுக்காரர் குடித்துவிட்டுத் திருவிருந்துக்கு வந்தார் என்று இந்தச் சபையில் பாதிப் பேர் நினைத்தீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன். பாஸ்டர் என்னைச் சாட்சி எழுதச் சொன்னபோதே சொல்லிவிட்டேன், எனக்கு இனிப்பாக எழுத வராது, யார் மனமும் நோகாமல் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று. "நீ பேசற மாதிரியே எழுதும்மா, நான் கை வைக்க மாட்டேன்" என்றார். எழுதுகிறேன்.

என் பெயர் கிரேஸ். படாளத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் மோசஸ் மீன் வண்டி ஓட்டுகிறவர். கோவளம் போய் மீன் ஏற்றிக்கொண்டு வந்து மதுராந்தகம் மார்க்கெட்டில் இறக்குவார். ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். இது ரகசியம் இல்லை, ஞானஸ்நானம் எடுத்த அன்று அவரே எல்லார் முன்னாலும் நின்று சொன்னதுதான். அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஆனால் குடியை விட்டவன் மேல் ஊருக்கு எப்போதும் ஒரு கண் இருக்கும். சத்தமாகச் சிரித்தால் பார்ப்பார்கள். மத்தியானம் தூங்கினால் பார்ப்பார்கள்.

போன ஐப்பசி மழையில், பெட்டி இறக்கும்போது கெளுத்தி முள் அவருடைய வலது கை நடுவிரலில் ஏறிவிட்டது. மீன் வேலையில் இது யாருக்கும் நடப்பதுதான். மஞ்சள் வைத்துத் துணி சுற்றிக்கொண்டு வண்டி எடுத்தார். விரல் வீங்கியது. காய்ச்சல் வந்தது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாய்யா" என்றேன். "ஒரு முள்ளுக்கா? மார்க்கெட்ல சிரிப்பானுங்க" என்றார்.

அந்த ஞாயிறு அவர் எழுந்ததே சரியில்லை. படுத்துக்கொள்ளச் சொன்னேன். திருவிருந்து ஞாயிறு, வருவேன் என்று முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் ஆண்கள் பக்கம், நான் பெண்கள் பக்கம். பாத்திரம் அவர் கைக்கு வந்தபோது கை நடுங்கியது. திராட்சை ரசம் சட்டையெல்லாம் கொட்டியது. "வண்டிய பின்னால எடு, பின்னால எடு" என்று கத்தினார். பிறகு சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் மேல் சாய்ந்தார்.

மூப்பர் சாமுவேல் அண்ணன் ஓடி வந்தார். "இன்னா மோசஸ், கர்த்தரோட பந்திலயேவா?" என்றார். என்னைப் பார்த்து, "கூட்டினு போம்மா. தெளிஞ்சப்புறம் பேசிக்கலாம்" என்றார். பின்னாலிருந்து ஒரு பெண், "பழைய பழக்கம் எங்க வுடும்?" என்றாள். அவள் யார் என்று எனக்குத் தெரியும். எழுதவில்லை.

நான் எல்லாரையும் தள்ளிக்கொண்டு போய் அவர் வாயை முகர்ந்தேன். பேஸ்ட் வாசனைதான் இருந்தது. நெற்றியில் கை வைத்தேன், சுட்டது. "குடிக்கலண்ணா. காய்ச்சல் கொளுத்துது, தொட்டுப் பாரு" என்றேன். யாரும் தொடவில்லை. கொட்டிய ரசத்தைத் துடைக்கத் துணி தேடினார்கள்.

எங்களை ஏற்றிக்கொண்டு போனவன் பக்கத்து வீட்டு முருகன். ஆட்டோ ஓட்டுகிறவன். நம் சபை இல்லை, நம் மார்க்கமும் இல்லை. "அழாதக்கா. மோசஸ் அண்ணாத்த குடிச்சா எனக்குத் தெரியாதா? அவரோட உக்காந்து குடிச்சவனே நான்தான்" என்றான். அன்றைக்கு என்னை நம்பிய முதல் ஆள் அவன்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலும் அதே கதைதான். சட்டையில் ரசக் கறை, வாயில் உளறல், நேராக நிற்க முடியவில்லை. வாசலில் இருந்த ஆள் ஒரு பார்வை பார்த்தான். "ஞாயித்துக்கெழமன்னா இதே பேஜாரு. ஓரமா படுக்க வை, தெளியட்டும்" என்றான். சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். என்னையும் அதட்டினான்.

அங்கேதான் நான் ஜெபித்தேன். முழங்கால் போடவில்லை. சுவரைப் பார்த்து நின்றுகொண்டு வாய்விட்டுக் கேட்டேன். "ஆண்டவரே, இது நியாயமா? நீர் விடச் சொன்னதை அவர் விட்டுட்டார். உம்ம வீட்லயே குடிகாரன்னு தள்ளிட்டாங்க. இங்கயும் தள்ளிட்டாங்க. அவர் வாய் உளறுது. என் வாயை யாரும் நம்பல. அவர் இரத்தமாவது உண்மையைச் சொல்லட்டும். இப்பவே சொல்லட்டும்."

அந்த வழியாகப் போன ஒரு டாக்டரம்மா நின்றார். சின்ன வயசுதான். "யாரோட சண்ட போடறீங்க?" என்று கேட்டார்.

"ஆண்டவரோட."

"அவர் கேட்டுக்குவார். உங்க ஆள் எங்க, காட்டுங்க."

வந்தார். நெற்றியைத் தொட்டார். மூச்சு இரைப்பதைப் பார்த்தார். விரலில் இருந்த துணியைப் பிரித்துச் சட்டைக் கையை மேலே சுருட்டினார். முழங்கை வரைக்கும் சிவந்து கிடந்தது. அதற்குப் பிறகு அங்கே யாரும் நடக்கவில்லை, ஓடினார்கள். ஊசி, குளுக்கோஸ், ஆக்சிஜன். இரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ரிசல்ட் வந்ததும் டாக்டரம்மா என்னிடம் வந்தார். "ஆல்கஹால் துளிகூட இல்லம்மா. கிருமி ரத்தத்துல ஏறி உடம்பையே கெடுத்துடுச்சு. இதுக்குப் பேரு செப்சிஸ். அதனாலதான் உளர்றார்" என்றார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் சண்டையை ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஆனால் அதோடு முடியவில்லை. நடுவிரலை எடுத்தார்கள். ஐசியுவில் அவருக்கு என்னைத் தெரியவில்லை. யாரோ திருட வந்தவள் என்று என்னை உதைத்தார். கையைக் கட்டிலோடு கட்டினார்கள். பிறகு உளறலும் நின்றது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

"கிருமி மூளைக்குப் போயிடுச்சா?" என்று கேட்டேன்.

"போகலம்மா. ஆனா கிருமியோட உடம்பு போடற சண்டையில மூளைக்கும் அடி விழுது" என்றார் டாக்டரம்மா. பிறகு ஒன்று கேட்டார். மூளை அடிபட்டால் அதிலிருந்து கசிகிற சில பொருள்கள் இரத்தத்தில் தெரியுமாம். அதை வைத்து, மூளைக்கு எவ்வளவு சேதம் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று ஆராய்ச்சி செய்கிறார்களாம். அதற்கு மோசஸின் இரத்தத்தையும் எடுத்துக்கொள்ளலாமா என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "இதனால அவருக்கு இன்னா பிரயோஜனம்?"

"அவருக்கு எதுவும் மாறாது. மருந்து இதேதான். பின்னால வர்றவங்களுக்கு உதவலாம்."

பொய் சொல்லாமல் பேசினார். அதற்காகவே சரி என்றேன். தெருவில் குடிகாரன் என்று தள்ளி வைக்கப்படுகிற இன்னொருவனுக்காக அவர் இரத்தம் பேசினால் பேசட்டும்.

எடுத்த இரத்தத்தில், மூளையிலிருந்து கசிகிற அந்தப் பொருள்களின் அளவு அதிகமாகத்தான் இருந்தது. அன்றைக்கு என் ஜெபம் மாறியது. உயிர் மட்டும் போதாது ஆண்டவரே, ஆளையும் தாரும் என்று கேட்டேன். மூச்சு விடுகிற உடம்பு ஒன்று எனக்கு வேண்டாம், எனக்கு மோசஸ் வேண்டும். ஐசியு வாசலில் செருப்பு விடுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு இதையேதான் கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

சாமுவேல் அண்ணன் அங்கேதான் வந்தார். முருகன் சொல்லிக் கூட்டி வந்திருக்கிறான். கையில் கஞ்சி. "மன்னிச்சிடும்மா, தப்பு பண்ட்டேன்" என்றார்.

"என்னான்ட இன்னாத்துக்குக் கேக்கற? அவரு எழுந்தா அவரான்ட கேளு" என்றேன். கஞ்சியை வாங்கிக்கொண்டேன். பசித்தது. அவர் போகவில்லை. என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். அதன்பிறகு இரண்டு பேருமாக ஆண்டவரிடம் கேட்டோம்.

மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள். "குறைஞ்சிருக்கு. ஆனா இத வச்சு நான் எந்த வாக்கும் குடுக்க முடியாது" என்றார் டாக்டரம்மா. நீங்கள் கொடுக்க வேண்டாம், அதற்கு வேறு ஆள் இருக்கிறார் என்று மனதில் சொல்லிக்கொண்டேன்.

ஒரு மத்தியானம், படுக்கை விரிப்பை மாற்றவில்லை என்று நர்ஸிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் கட்டிலிலிருந்து ஒரு குரல். கல்லைப் பாறையில் உரசியது போல இருந்தது.

"கிரேசு... இன்னாத்துக்குக் கத்தினுகீற?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னைக் கேட்கிற கேள்வி அது. நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு இன்னும் அதிகமாகக் கத்தினேன். நர்ஸும் அழுதாள். சாமுவேல் அண்ணன் உள்ளே வந்து, கேட்க வேண்டியதை அவரிடமே கேட்டார். என் வீட்டுக்காரருக்கு எதற்கு மன்னிப்பு என்றே புரியவில்லை. "வுடுண்ணா" என்றார். அவர் அப்படித்தான். நான் விடுவதற்குத்தான் நாளானது.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில பெயர்கள் அவருக்கு நினைவுக்கு வருவதில்லை. வண்டி ஓட்ட டாக்டர் இன்னும் விடவில்லை. மார்க்கெட்டில் உட்கார்ந்து மீன் விற்கிறார். ஆனால் என்னைத் தெரிகிறது. தன்னைத் தெரிகிறது. கேட்டது அதுதான், கிடைத்தது அதுதான். நம் சபையும் மாறியிருக்கிறது. இப்போது யாராவது தடுமாறினால் சாமுவேல் அண்ணன் முதலில் நெற்றியைத்தான் தொடுகிறார். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். காய்ச்சலோடு ஒருவர் உளறினால் ஜெபித்துக்கொண்டே ஆட்டோவைக் கூப்பிடுங்கள். காத்திருக்காதீர்கள்.

ஜெபிக்க நல்ல வார்த்தை வரவில்லையே என்று உங்களில் யாராவது பயந்துகொண்டிருந்தால், விட்டுவிடுங்கள் அந்தப் பயத்தை. என் ஜெபத்தில் ஒரு நல்ல வார்த்தைகூட இல்லை. கோபம்தான் இருந்தது. அதையும் அவர் கேட்டார். தனியாகக் கேட்க முடியாதவர்கள் படாளத்தில் என் வீட்டுக்கு வாருங்கள். கூட உட்கார்ந்து நானும் கேட்கிறேன். சத்தம் கொஞ்சம் அதிகமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.