ஷேர்புரூக் வீதியின் காவற்கோபுரம்

மொன்றியலில் ஷேர்புரூக் வீதியோரம் இரண்டு வட்டக் கற்கோபுரங்கள் நிற்கின்றன. முந்நூறு வருடங்களுக்கு முன் பாதிரிமார் கட்டிய கோட்டையில் மிஞ்சியவை அவ்வளவுதான். நான் கனடாவுக்கு வந்த இரண்டாம் வருடம், பிரெஞ்சு வகுப்பு ஆசிரியை எங்களை அங்கே கூட்டிப்போனார். அடுத்த வாரம் வாய்மொழிப் பரீட்சை. கோபுரத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசவேண்டும். சித்தியடைந்தால்தான் கார்டெறி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை கிடைக்கும். அதுவரை ஒரு தையல் தொழிற்சாலையில் காற்சட்டைகளுக்குச் சிப் தைத்துக்கொண்டிருந்தேன்.

கோபுரத்துச் சுவரில் துவக்கை நீட்டிச் சுடுவதற்கான ஒடுங்கிய துளைகள் இருந்தன. கண்டதும் என் கை தன்பாட்டில் கைப்பைக்குள் போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் இராணுவச் சென்றிக் காவலரணைத் தாண்டும்போது அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடிதான் நடப்போம். இங்கே கையில் வந்தது மெற்றோ பாஸ்.

"நுழைவுச்சீட்டு வேண்டாம், இலவசம்தான்," என்றார் ஆசிரியை. வகுப்பே சிரித்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வீடு வந்து சேர்வதற்குள் வெட்கம் போய்க் கோபம் வந்துவிட்டது.

பரீட்சைக்குப் படிக்க ஆசிரியை தந்த தாளில், இந்தக் கோபுரம் மக்களைக் காத்தது என்றிருந்தது. பூர்வகுடிச் சிறுமிகளுக்குக் கன்னியாஸ்திரிகள் இங்கே பாடம் சொல்லிக்கொடுத்தார்கள் என்றும் இருந்தது. அந்தச் சிறுமிகள் என்ன நினைத்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

"அவ தந்ததைக் கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லிப்போட்டு வாரும். உமக்கு வேலைதானே வேணும்?" என்றார் என் கணவர்.

"ஓம், வேணும். அதுக்காகப் பொய் சொல்ல ஏலாது."

பரீட்சையில் தாளைக் கவிழ்த்து வைத்தேன். "துளைக்கு உள்ளே நின்றவனுக்கு இது காவல். வெளியே நடந்தவளுக்குப் பயம். நான் வெளியே நடந்தவள்," என்று உடைந்த பிரெஞ்சில் சொன்னேன். தலைப்பை விட்டு விலகிவிட்டேன் என்று ஆசிரியை சித்தி தரவில்லை.

"இனி மறுபரீட்சை வரைக்கும் மூண்டு மாதம் இருந்து சிப் தையும்," என்றார் இவர்.

"தைக்கிறன்," என்றேன்.

தைத்தேன். மெசினுக்கு முன்னால் இருந்து அந்த ஐந்து நிமிடத்தை வாய்க்குள் சொல்லிச் சொல்லித் திருத்தினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தனியே போய்க் கோபுரத்தின் முன்னால் நின்றேன். உள்ளே நின்ற சிப்பாயும் பயந்திருப்பான் என்று யோசித்துப் பார்த்தேன். இரக்கம் வரவில்லை.

மறுபரீட்சைக்கு ஆசிரியை இல்லை, வேறொரு பரீட்சகர் வந்தார். தலைப்பு எங்கள் விருப்பம். "சமையலைப் பற்றிக் கதையும், அந்தக் கோபுரத்தை மட்டும் விட்டிடும்," என்று இவர் வாசல்வரை வந்து சொல்லி அனுப்பியிருந்தார். நான் கோபுரத்தையே எடுத்தேன்.

பரீட்சகர் கேட்டு முடித்துவிட்டு, "இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?" என்றார்.

"புத்தகம் எழுதினவர்கள் வெளியே நடந்த எங்களைக் கேட்கவில்லை," என்றேன்.

அவர் சித்தி என்று எழுதினார். எழுதாமல் விட்டிருந்தால், அடுத்த மூன்று மாதமும் சிப் தைத்துவிட்டு வந்து இதையேதான் சொல்லியிருப்பேன்.