மண்டோரைத் தேடிய துளசி

மலேசியாவின் பத்து காஜா ரயில் நிலையத்தில், முதுகில் பெரிய மூட்டை சுமந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் துளசியிடம் கேட்டாள்: "வடக்கே போகும் ரயில் எங்கே போய் முடிகிறது?"

துளசிக்குத் தெரியவில்லை. வயது முப்பத்தாறு. பிறந்ததிலிருந்து அந்தத் தண்டவாளத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தின் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில்தான் இருக்கிறாள். ரயில் சத்தம் கேட்டுத்தான் வேலைக்கே கிளம்புவாள். ஆனாலும் தெரியவில்லை. தான் வேலை செய்யும் மருத்துவமனைச் சமையலறையில் கஞ்சி கிண்டும்போதெல்லாம் அந்தக் கேள்வி வந்து நின்றது.

லயத்தில் அப்போது பேச்சு வேறாக இருந்தது. ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய் தரும் செம்பனை நட்டார்கள். செம்பனையையும் அழித்துவிட்டு, நிலத்தை வீடு கட்டும் நிறுவனம் ஒன்றுக்கு விற்றார்கள். மிச்சமிருந்த குடும்பங்கள் காலி செய்ய வேண்டும். பதிலுக்கு எங்கோ ஓர் அடுக்குமாடியில் வாடகை வீடு. மூன்று தலைமுறை உழைப்புக்குக் கிடைத்த மரியாதை, வாடகை வீடு!

"கொடுக்கறத வாங்கிக்கிட்டு மரியாதையா போயிருவோம்" என்றார் கோயில் தலைவர் அப்பாவு. அந்த மாதக் கடைசி ஞாயிறு நிறுவனத்து அதிகாரி வருவார், எல்லாரும் கை தூக்கினால் முடிந்தது. துளசியும் தூக்குவதாகச் சொல்லியிருந்தாள். அவள் அம்மா ராக்காயி மட்டும் ஆடுகளுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். மாடி வீட்டில் ஆடு வளர்க்க முடியாது.

"கை தூக்கறதுக்கு முன்னாடி அந்த ரயில் எங்க முடியுதுன்னு பாத்துட்டு வாரேன்மா" என்றாள் துளசி.

அப்பாவு பதறினார். "சனி பார்வை இருக்கும்மா. பொம்பள தனியா எல்ல தாண்டக் கூடாது."

அந்த வெள்ளைக்காரப் பெண்ணைச் சனி ஏன் பார்க்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நம் பாட்டன்மாரைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றியபோது எந்தச் சோதிடனும் குறுக்கே விழுந்து தடுக்கவில்லை. கூலிக்காகக் கடல் தாண்டினால் சனி கண்ணை மூடிக்கொள்ளும். வேடிக்கை பார்க்கக் கிளம்பினால்தான் திறக்கும் போலிருக்கிறது.

சமையலறையில் கூட வேலை செய்யும் ரோய்ஸ்டன் தன் முதுகுப் பையை இரவல் கொடுத்தான். அவள் மாட்டிக்கொண்டதும் சிரித்தான். "அக்கா, நீங்க பைய தூக்கல லா. பை உங்களத் தூக்கிக்கிட்டுப் போவுது!"

ரயில் தாய்லாந்து எல்லையிலுள்ள பாடாங் பெசாரில் முடிந்தது. துளசிக்கு ஏமாற்றம். அங்கே இன்னொரு ரயில் நின்றது, அதில் ஏறினாள். எல்லைக்கு அப்பால் ஹட்யாயில் ஒரு வேன். எந்தக் கடையில் எதைச் சுட்டிக்காட்டினாலும் தட்டில் வேறு ஏதோ வந்தது. எல்லாவற்றையும் தின்று பார்த்தாள். வழி தவறி ஒரு மதியம் முழுக்க நடந்தாள். நீ யார் மகள், எந்தத் தோட்டம், ஏன் இன்னும் கலியாணம் ஆகவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. தன் நடையே வேகமானது போல் இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

கடைசியாகத் தங்கிய இடம் ஒரு கிராமத்து வீடு. வீட்டுக்கார அம்மாள் அமினாவுக்கு மலாய் தெரியும். அந்த ஊர் வழக்கப்படி துளசி அவளைக் 'காக்' என்றாள், அக்கா என்று பொருள்.

விடிந்ததும் வெளியே வந்த துளசி அசந்து நின்றாள். வீட்டுக்குப் பின்னால் வரிசை வரிசையாக ரப்பர் பால் மரம். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் பால் நிறைந்திருந்தது. அமினா வாளியோடு மரத்துக்கு மரம் போய்க்கொண்டிருந்தாள். துளசிக்கு உள்ளே போக ஆசை. ஆனால் ஓரத்திலேயே நின்றாள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம் அது: வேலையை மேற்பார்க்கும் மண்டோரைக் கேட்காமல் மரத்துக்குள் கால் வைக்காதே.

"காக், மண்டோர் எங்க? உள்ள வரலாமான்னு கேக்கணும்."

"மண்டோரா?" அமினா வாளியைக் கீழே வைத்தாள். "நான்தான்."

"அப்ப மொதலாளி, தவுக்கே யாரு?"

"அதுவும் நான்தான்."

"பால் எடுக்கற கூலி?"

"பாத்தா தெரியல? வெடிஞ்சதுலருந்து குனிஞ்சு நிமிர்றேன்!" அமினா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சம்பளம் கேட்டா தவுக்கே தர மாட்டேங்கறா. மண்டோரும் அவ பக்கம்!"

துளசியும் சிரித்தாள். உள்ளே போனாள்.

அமினாவின் வாழ்க்கை ஒன்றும் சொர்க்கமில்லை. ரப்பர் விலை விழுந்த கதையை மூச்சு விடாமல் புலம்பினாள். "ஆனா என் மரத்தடியில நின்னுதான் அழுவேன்" என்றாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: "உங்க குடும்பமும் மூணு தலமுறையா பால் வெட்டுனவங்கன்னு சொன்னியே. உங்களுக்கு எத்தன மரம்?"

துளசியிடம் இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. நம் பள்ளிக்கூடம் கேட்கவில்லை, கோயில் கேட்கவில்லை, ஓட்டுக்கு வந்தவர்கள் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை துளசி ரயிலிலிருந்து இறங்கி நேரே கோயில் மண்டபத்துக்கு வந்தாள். நிறுவனத்து அதிகாரி உள்ளே நுழைந்ததும் எல்லாரும் எழுந்தார்கள். துரைமார் காலத்துப் பழக்கம். உட்காரச் சொல்லும்வரை நிற்பார்கள். துளசி மடியில் பையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி புள்ள" என்று அப்பாவு பல்லைக் கடித்தார்.

"கால் வலிக்குது மாமா. ரொம்ப தூரத்துலருந்து வாரேன்."

அதிகாரி தொண்டையைச் செருமினார். "உங்க தலைவர்கிட்ட எல்லாம் பேசியாச்சு. கை தூக்கிட்டா போதும்."

"எங்கிட்ட பேசலயே சார்" என்றாள் துளசி. "மூணு தலமுறையா இங்க பால் வெட்டியிருக்கோம். ஒரு மரம் எங்களுது இல்ல. லயம் நிக்கிற மண்ணையாவது கேக்கறோம். வாடகைக்கு இல்ல, சொந்தமா."

ராக்காயி மகளைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார, நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன.

"சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் அதிகாரி.

அப்பாவுவின் கை மட்டும் மேலே போனது. சுற்றிலும் பார்த்தவர், தலையைச் சொறிந்துகொண்டு கையை இறக்கினார்.

லயம் இன்னும் நிற்கிறது. அந்த மண்ணுக்காக வழக்கு நடக்கிறது, நியாயம் தானாக ஜெயிக்கும் என்று நம்புகிற ஆள் நானில்லை. துளசியைப் பார்க்க நான் லயத்துக்குப் போன அன்று ராக்காயி ஆட்டை அவிழ்த்துக்கொண்டே மகளிடம் கேட்டாள்:

"ஏம்மா, பாஸ்போர்ட்டு எடுக்க எங்க போவணும்? அந்த மண்டோரம்மாவ நானும் ஒருதடவ பாக்கணும்."